கல்விக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

(நமது ஜமாஅத் பராமரிப்பில் இயங்கிவரும் அரசு உதவிபெறும் பள்ளியில் நவம்பர் 11 முதல் 16 வரை நடைபெற்ற கல்வி வாரத்தின் நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

பரிசு பெற்றோரின் பெயர்களைத் தலைமையாசிரியர் அவர்கள் சற்றுநேரத்தில் வாசிக்க இருக்கிறார்கள். அப்பெயர்களைக் கேட்கும் ஆவலில் நீங்கள் அமர்ந்திருப்பதை நான் அறிவேன். ஆயினும், இந்த ஆறு நாள்களில் நம் பிள்ளைகள் செய்தவற்றைச் சற்றே எண்ணிப் பார்த்து, அதன் வழியாக ஜமாஅத் முன்னிலையில் ஒரு வேண்டுகோளையும் வைத்திட எனக்கு இசைவு தர வேண்டுகிறேன்.

கல்வி வாரத்திற்கு இந்த நாள்களைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமானதே. நவம்பர் 11, மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் பிறந்த நாள். 2008-ஆம் ஆண்டு முதல் அந்நாள் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது. மறுநாள் 12, பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவர்களின் பிறந்த நாள். 14-ஆம் நாள் குழந்தைகள் நாள். தேசிய நூலக வாரம் தொடங்குவதும் அன்றுதான். ஒரே வாரத்தில் இத்தனை நினைவுகள் கூடிவருவது அரிது.

மேடை ஏறிய முதல் நாள்

முதல் நாள் பேச்சுப் போட்டியில் மாணவ, மாணவியர் ஆசாத் அவர்களின் வாழ்வை எடுத்துரைத்தனர். 1888-இல் மக்கா நகரில் பிறந்து, கல்கத்தாவில் வளர்ந்து, பள்ளிக்கூடம் செல்லாமல் வீட்டிலேயே கற்றுத் தேர்ந்தவர் அவர். 1912-இல் 'அல்ஹிலால்' இதழைத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் படிக்காத அவரே, 1947 முதல் 1958-இல் மறையும் வரை இந்திய நாட்டின் முதல் கல்வி அமைச்சராக விளங்கினார். 1951-இல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றதும், 1953-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்பட்டதும் அவர் பொறுப்பில் இருந்த காலத்திலேயாகும்.

அன்று பேசிய பிள்ளைகளுள் பலர், அதுவரை வகுப்பில் எழுந்து நின்று விடை சொல்லவும் தயங்கியவர்கள் என்று ஆசிரியர்கள் கூறினர். குரல் நடுங்கத் தொடங்கி, இடையில் மறந்து, மீண்டும் நினைவுகூர்ந்து முடித்த பிள்ளைக்குப் பரிசுப் பட்டியலில் இடம் இல்லாமல் போகலாம். எனினும், அப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கிவந்தபோது ஏறிச் சென்ற பிள்ளையாக இல்லை. இதுவும் சாதனையே.

ஏரிக்கரையில் கற்ற பாடம்

இரண்டாம் நாள் அதிகாலையில் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆசிரியர்கள் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றனர். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் அதே ஏரிதான். கரிச்சான், மீன்கொத்தி, தவிட்டுக்குருவி, செண்பகம், உண்ணிக்கொக்கு, புள்ளிச்சில்லை எனப் பெயர் சொல்லிப் பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதினர். ஒவ்வொரு பறவையும் எந்நேரத்தில், எங்கே, என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் குறித்தனர். கண்டதைக் கண்டவாறு எழுதும் இப்பழக்கமே அறிவியலின் முதற்படி.

சாலிம் அலி அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்குப் பெரிதும் துணைசெய்வது. 1896-இல் மும்பையில் பிறந்த அவர், மிக இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, தாய்மாமன் ஆதரவில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறத் திட்டு காணப்பட்டது. அது எவ்வகைக் குருவி என்று அறிய, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பாரிடம் அதனை எடுத்துச் சென்றார். அப்பெரியவர் சிறுவன்தானே என்று திருப்பி அனுப்பிவிடவில்லை. கழகத்தில் சேர்த்துவைத்திருந்த பறவைகளை எல்லாம் காட்டி விளக்கினார். அந்த ஒருநாள் பரிவு ஒரு வாழ்க்கையையே திசைதிருப்பியது.

பின்னர் கல்லூரிப் படிப்பைத் தொடர இயலாமல் அவர் பர்மாவுக்குச் சென்று குடும்ப வணிகத்தில் ஈடுபட்டார். நம் ஊர்ப் பிள்ளைகள் பலரின் கதையும் இந்த இடம்வரை இதுவே. ஆனால், அவர் திரும்பிவந்தார், விலங்கியல் கற்றார், பெர்லின் சென்று பயின்றார். 1941-இல் இந்தியப் பறவைகள் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். 1976-இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடிவந்தது. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் 1990-இல் நிறுவப்பெற்ற பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வேலையின்றி இருந்த காலத்தில் அவர் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்தது தூக்கணாங்குருவியை. நம் ஏரிக்கரை மரத்திலும் அக்குருவியின் கூடுகள் தொங்குகின்றன. அவற்றைக் கண்ட மாணவி ஒருத்தி, "சில கூடுகள் மட்டும் ஏன் பாதியில் நிற்கின்றன?" என்று கேட்டாள். ஆசிரியர் விளக்கினார்: கூட்டை நெய்வது ஆண் குருவி. பாதி நெய்த நிலையில் பெண் குருவி வந்து பார்க்கும். ஏற்றுக்கொண்டால் கூடு முழுமை பெறும். ஏற்க எவரும் வராத கூடு பாதியிலேயே கைவிடப்படும். இந்த விளக்கத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சந்தையும் நூலகமும்

மூன்றாம் நாள் அறிவியல் கண்காட்சியும் மாணவர் சந்தையும் நடைபெற்றன. பழைய நெகிழிப் புட்டியைக் கொண்டு மழைமானி செய்து, பெய்த மழையை மில்லிமீட்டரில் அளந்து காட்டினர். மணல், கரி, கூழாங்கல் ஆகியவற்றை அடுக்கிக் கலங்கிய நீரை வடிகட்டினர். வடிகட்டிய நீரையும் காய்ச்சியே பருக வேண்டும் என்ற அறிவிப்பை அருகில் எழுதி வைத்திருந்தமை பாராட்டத்தக்கது.

சந்தையில் சுண்டல், வாடா, நன்னாரி சர்பத், கைவினைப் பொருள்கள் விற்பனையாயின. கணிதத் தேர்வில் பின்தங்கும் மாணவன் ஒருவன், முதல் எவ்வளவு, விற்றது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று காசு பிசகாமல் கணக்கு எழுதி ஒப்படைத்தான். தந்தையாரின் மளிகைக் கடையில் மாலைதோறும் அமர்ந்து பெற்ற பயிற்சி அது. இவனுக்குக் கணக்கு வராது என்று இனி எவரும் கூற இயலாது. கடையில் தெரிந்த கணக்கைக் கரும்பலகைக்குக் கொண்டுவர அவனுக்கு ஒருவர் துணைநிற்க வேண்டும், அவ்வளவே.

நான்காம் நாள் நூலக நாள். இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ்.ஆர். அரங்கநாதன் அவர்கள் 1892-இல் நம் தமிழகத்தின் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேற அவர் உழைப்பே அடிப்படை. அச்சட்டத்தின் பயனாக, வீட்டு வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்திவருகிறோம். பணம் செலுத்திய பொருளை வாங்காமல் வருவோர் உண்டா? நூலகத்தைப் பொறுத்தவரை நாம் அதனைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அன்று கிளை நூலகத்திற்குச் சென்ற பிள்ளைகள் பலர், அதற்கு முன் அக்கட்டடத்தின் படியை மிதித்ததில்லை.

நன்னிமார் தந்த செய்தி

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முன்னரான அரைநாளில், ஒன்பதாம் வகுப்பு மாணவ, மாணவியர் தத்தம் தெருவில் வாழும் மூத்தோரைச் சந்தித்து ஊர் வரலாற்றைக் கேட்டு எழுதினர். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த நன்னாமார் எழுதிய கடிதங்கள் பெட்டியிலிருந்து வெளிவந்தன. அவற்றைவிட வியப்பைத் தந்தவை நம் நன்னிமார் வைத்திருந்த அரபுத்தமிழ் ஏடுகள். தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அம்முறையை இன்றைய பிள்ளைகள் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர்.

பள்ளிக்கூடத்தின் நிழலில் ஒதுங்காத அந்தப் பெண்கள், வீட்டுத் திண்ணையிலும் ஆலிமாக்களின் இல்லங்களிலும் எழுத்தறிந்தார்கள். அரபுத்தமிழில் நூல்களைப் படித்தார்கள். கடல் கடந்து சென்ற கணவருக்குக் கடிதம் எழுதினார்கள். வாய்ப்பு இல்லாத காலத்தில் அவர்கள் கற்றார்கள். வாய்ப்பு வாயிலுக்கே வந்த காலத்தில் அவர்களின் பேத்திகள் பாதியில் நிறுத்தப்படலாமா? இன்று விளையாட்டுப் போட்டிகளோடு நிறைவுறும் இவ்வாரம் நம் முன் வைக்கும் வினா இதுவே.

பாதியில் நிற்பவை

பெரியோர்களே! இவ்வாரத்தில் பேசியும் வரைந்தும் அளந்தும் எழுதியும் நம்மை மகிழ்வித்த பிள்ளைகள் அனைவரும் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்வரை கல்விக்கூடத்தில் இருப்பார்களா? பத்தாம் வகுப்பு முடிந்ததும் சில ஆண்பிள்ளைகள் கடைக்கும் பயண ஏற்பாட்டுக்கும் அனுப்பப்படுகின்றனர். சில பெண்பிள்ளைகள், "போதும், வீட்டில் இருக்கட்டும்" என்ற ஒரு சொல்லால் நிறுத்தப்படுகின்றனர். எந்தப் பெற்றோரும் பிள்ளையின்மீது பகை கொண்டு இதனைச் செய்வதில்லை. கடன், நோய், குடும்பச் சுமை, ஊரார் பேச்சுக்கு அஞ்சுதல் எனக் காரணங்கள் பல. ஆனால், அந்தப் பிள்ளை நின்றுவிட்டது என்பதை அறிந்து, அந்த வீட்டுக்குச் சென்று, "என்ன இடர்ப்பாடு? நாங்கள் என்ன செய்யட்டும்?" என்று கேட்பவர் எவரும் இல்லை. ஏற்க எவரும் வராத கூடு பாதியில் நிற்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு வாளாவிருந்தவர்கள் அல்லர். வாணியம்பாடியில் 1919-இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் 1951-இல் தோன்றின. பெண்களுக்கென்றே சென்னையில் 1955-இல் நீதியரசர் பஷீர் அகமது சயீது அவர்கள் கல்லூரி கண்டார்கள். வணிகத்தில் ஈட்டிய பொருளை அறிவுக்கு ஈந்த பெருமக்களால் இத்தகைய நிறுவனங்கள் வளர்ந்தன. கட்டடம் எழுப்பும் பணியை அவர்கள் முடித்துவிட்டார்கள். பிள்ளை அக்கட்டடத்தின் வாயிலை அடையும்வரை உடன்செல்லும் பணியே நம்முடையது.

ஜமாஅத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஜமாஅத்தில் சந்தாப் பதிவேடு உண்டு. திருமணப் பதிவேடு உண்டு. அடக்கப் பதிவேடும் உண்டு. எவர் வீட்டில் எப்போது நிக்காஹ் நடந்தது என்பதை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் நம்மால் கூற முடியும். ஆனால், சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதிய நம் பிள்ளைகளுள் எவர் எங்கே படிக்கிறார், எவர் நின்றுவிட்டார் என்று கேட்டால் நம்மிடம் விடை இல்லை. ஆகவே, நான்காவதாகக் கல்விப் பதிவேடு ஒன்றை ஜமாஅத் தொடங்கிட வேண்டுகிறேன்.

அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. தெருவுக்கு இருவர் போதும். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். ஐந்தாம், எட்டாம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் அதில் ஏற வேண்டும். ஜூன் மாதத்தில் அடுத்த வகுப்பில் சேர்ந்தாரா என்பதைக் குறிக்க வேண்டும். சேராத பிள்ளையின் வீட்டுக்கு அம்மாதத்திற்குள்ளாகவே ஜமாஅத் சென்று பேச வேண்டும். சென்று பேசுவது குறை காண்பதற்காக அன்று, கைகொடுப்பதற்காக.

உடன் செய்யத்தக்க இரண்டு பணிகளையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளை நூலக உறுப்பினர் அட்டை பெற்றுத் தருதல். மற்றொன்று, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசுப் பள்ளியிலும் அரசு உதவிபெறும் பள்ளியிலும் பயிலும், பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மேற்படாத மாணவர்கள் இதனை எழுதலாம். தேர்வுபெறுவோருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் வழங்கப்படுகிறது. நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். பிள்ளையை நிறுத்தலாமா என்று ஒரு தந்தை தயங்கும் அந்த ஆண்டுகளிலேயே இத்தொகை கைக்கு வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மனத்திறன் தேர்வு, படிப்பறிவுத் தேர்வு என இரு பகுதிகள் கொண்ட இத்தேர்வுக்கு மதரஸா மண்டபத்தில் மாலைநேரப் பயிற்சி அளிக்கலாம். கற்பிக்க நம் ஊர்ப் பட்டதாரி இளைஞர்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு பெறுவோரை மனமாரப் பாராட்டுகிறேன். பெறாதோரும் மனம் தளர வேண்டாம். ஏரிக்கரையில் நீங்கள் எழுதிய குறிப்பேட்டைத் தூக்கி எறியாதீர்கள்; அடுத்த மாதமும் சென்று எழுதுங்கள். நன்னியிடம் கேட்ட செய்தியைப் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோர்களே! பரிசுக் கோப்பையைப் பார்ப்பதற்கு முன் பிள்ளையின் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். "இதை நீயா எழுதினாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். அதைவிடப் பெரிய பரிசு அப்பிள்ளைக்கு வேறில்லை.

இக்கல்வி வாரத்தின் வெற்றியை இன்று வழங்கும் கோப்பைகளைக் கொண்டு அளவிட வேண்டா. வருகின்ற ஜூன் மாதத்தில், இங்கே அமர்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரின் பெயரும் ஏதேனும் ஒரு கல்விக்கூடத்தின் வருகைப் பதிவேட்டில் இருக்குமானால், அன்றுதான் இவ்விழா நிறைவு பெற்றதாகக் கருதுவோம்.