இரத்த அழுத்தம் தாழும்போது

மருத்துவக் கல்லூரியில் மாணவனாக இருந்த காலத்தில், முதன்முறையாக அறுவைச் சிகிச்சைக் கூடத்தினுள் சென்று நின்ற நாளை நான் மறக்கவில்லை. அன்று காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தேன். நெடுநேரமாக ஓரிடத்தில் அசையாமல் நின்றிருந்தேன். கத்தி தோலின்மேல் ஓடியது. மெல்லிய கோடாக இரத்தம் அரும்பியது. என் காதுக்குள் ஏதோ இரைந்தது. நெற்றி வியர்த்தது. விளக்குகள் மங்கின. அவ்வளவுதான், தரையில் சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது, என்மேல் அன்புகொண்ட நண்பர் இருவர் என்னைத் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தனர். உடனே மறுபடியும் மயங்கினேன்! இரண்டாம் முறை விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். கால்கள் ஒரு முக்காலியின்மேல் இருந்தன. அங்கே பணியாற்றிய முதியவர் ஒருவர், “படுத்தவரை ஏன் தூக்குகிறீர்கள்? இரத்தம் தலைக்குப் போகட்டும்” என்று என் நண்பர்களைக் கடிந்துகொண்டிருந்தார். பாடப் புத்தகத்தை நாங்கள் படித்திருந்தோம், அவர் படித்ததில்லை. ஆயினும் செய்ய வேண்டியதை அவரே அறிந்திருந்தார்.

மாணவ நண்பர்களே, அன்று எனக்கு நேர்ந்ததுதான் இரத்த அழுத்தத் தாழ்வு. ‘லோ பிரஷர்’ என்று வீடுகளில் நாள்தோறும் அடிபடும் சொல் இதுவே.

முதலில் அழுத்தம் என்பது யாது எனக் காண்போம். இதயம் சுருங்கி இரத்தத்தைத் தமனிகளுக்குள் தள்ளும்போது, தமனிச் சுவரின்மேல் ஒரு விசை தாக்குகிறது. அதுவே இரத்த அழுத்தம். இதை முதன்முதலில் அளந்தவர் ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்று, இதயத்துடிப்போடு ஏறி இறங்கியதாம். இந்தச் செய்தியை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். அந்தக் குதிரையை நினைத்தால் மனம் வருந்தத்தான் செய்கிறது. மனிதருக்கு அம்முறை ஆகாது அல்லவா? 1896இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி புயத்தில் பட்டையைச் சுற்றிக் காற்றடைக்கும் முறையைக் கண்டார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே குழல் வைத்து ஒலியைக் கேட்கும் வழியைச் சொன்னார். மருத்துவர் இன்று உங்கள் புயத்தில் பட்டையைச் சுற்றிக் குழல் வைத்துக் கேட்பது அந்த ஒலியைத்தான்.

120/80 என்று எழுதுகிறோமே, அது பாதரசத் தம்பத்தின் மில்லிமீட்டர் உயரம். மேலெண் இதயம் சுருங்கும் நேரத்து அழுத்தம். கீழெண் அது தளரும் நேரத்து அழுத்தம். பொதுவாக 90/60க்குக் கீழே சென்றால் தாழ்வு என்கிறோம். ஆனால் எண்ணைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. நாள்தோறும் ஓடிப் பழகிய விளையாட்டு வீரருக்கும், மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கும் 90 என்பதே இயல்பாக இருக்கலாம். தலைச்சுற்றலோ மயக்கமோ இல்லையேல் அது நோயன்று. வழக்கமாக 150 இருப்பவருக்குத் திடீரென 100 ஆனாலோ, அது பேராபத்தாகக்கூடும்.

நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் உடலுக்குள் ஒரு சிறு நெருக்கடி தோன்றுகிறது. அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனிகளிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்நரம்பு நுனிகள் இதை நொடியில் அறிந்து மூளைக்குச் சொல்கின்றன. மூளை இதயத்தை விரைவுபடுத்துகிறது; சிறு தமனிகளைச் சுருக்குகிறது. நாம் ஒன்றும் அறியாமல் நடந்து போகிறோம். இந்த ஏற்பாடு தளர்ந்தால், எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேலெண் 20 அளவோ கீழெண் 10 அளவோ குறைந்துவிடுகிறது, கண் இருட்டுகிறது. முதுமையிலும், நெடுநாள் படுக்கையில் கிடந்தபின்பும், நீரிழிவால் நரம்பு கெட்டவர்களுக்கும் இது மிகுதி. உயர் அழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரையே அளவு மிஞ்சி இவ்வாறு செய்வதும் உண்டு.

எனக்கு நேர்ந்ததோ வேறு வகை. இரத்தத்தைக் கண்ட அதிர்ச்சியில் நரம்புகள் தலைகீழாக ஆணையிட்டன; விரைய வேண்டிய இதயம் மெதுவாயிற்று, சுருங்க வேண்டிய குழல்கள் விரிந்தன. பள்ளியில் வெயிலில் அணிவகுத்து நிற்கும்போது ஒரு மாணவன் சாய்வதும் பெரும்பாலும் இப்படித்தான். அவனை உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு தெளியுமுன் வாயில் நீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லையேல் மருத்துவ உதவியை நாடுங்கள்.

இனி, உயிரோடு விளையாடும் தாழ்வுக்கு வருவோம். குழாயில் நீர் குறைந்தால் அழுத்தம் குறைவதுபோல, உடலில் நீரோ இரத்தமோ குறைந்தால் அழுத்தம் வீழ்கிறது. வாந்திபேதி கண்ட குழந்தையின் கைகால் சில்லிடுவது இதனால்தான். 1971இல் வங்காள அகதிகள் திரண்டிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், நாளத்தில் ஏற்றும் மருந்துநீர் போதாமையால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே பருகச் செய்தார். இறந்தோர் விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலக்க நீங்களே போதும்.

டெங்குவின் சூழ்ச்சி இன்னும் பொல்லாதது. காய்ச்சல் தணிந்ததும் ‘பிழைத்தான்’ என்று வீட்டார் மகிழ்வர். அந்த நேரத்தில்தான் நுண்குழல்களிலிருந்து இரத்தநீர் கசிந்து வெளியேறத் தொடங்கும். முதலில் மேலெண் குறைவதில்லை. 100/80 என்று நிற்கும். பார்ப்பவர் 100 இருக்கிறதே என்பர். ஆனால் இரண்டுக்கும் இடையே 20தான் இருக்கிறது என்பதே அபாய அறிவிப்பு. காய்ச்சல் விட்டபின் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால், ஈறில் இரத்தம் இவற்றில் ஏதேனும் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பிறிதொன்றும் சொல்ல வேண்டும். களைப்பாயிருக்கிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும் பெண்ணை, ‘உனக்கு லோ பிரஷர், உப்பைக் கூட்டிக்கொள்’ என்று பக்கத்து வீட்டார் தேற்றிவிடுகிறார்கள். என்னிடம் அவ்வாறு இரண்டாண்டு ஊறுகாயும் மோருமாக இருந்துவிட்டு வந்த ஒரு தாயை நான் அறிவேன். அழுத்தம் 110/70, குறையே இல்லை. கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் 6 கிராம்தான். அவருக்கு இருந்தது சோகை. அழுத்தம் குறைவது வேறு, இரத்தத்தின் சத்துக் குறைவது வேறு. காரணத்தைத் தேடி இரும்புச் சத்து கொடுத்தோம். நான்கு மாதத்தில் தேறினார். அந்த இரண்டாண்டில் அவரை யாரும் ஒருமுறைகூடப் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. இப்போது உடன்வரும் மகள், தாயைப் பரிசோதிக்கும்போதெல்லாம் இரண்டு எண்களையும் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள்.