உருக்காமல் சேரும் உலோகங்கள்
(தர்மபுரி ஜில்லாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் காலேஜில் படித்தவனல்ல. புஸ்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாமல், யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஒப்புக்கொள்ளுங்கள்.

இரண்டு உலோகங்களைக் கலக்க நமக்குத் தெரிந்த வழி உருக்குவதுதான். செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கினால் வெண்கலம் கிடைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கலக்க முடியுமா? துத்தநாகம் 907 டிகிரி சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். குரோமியமோ 1907 டிகிரியில்தான் உருகும். இரண்டையும் ஒரே மூசையில் போட்டுக் காய்ச்சினால், ஒன்று உருகுமுன் மற்றது புகையாய்ப் போய்விடும். அக்கினி பகவானுக்குப் படையல் போட்டால் துத்தநாகம் இன்னும் ஆயிரம் டிகிரி பொறுத்துக்கொள்ளுமா?

படையல் போடாமல், யோசித்துப் பார்த்தவர்கள் வேறு வழி கண்டார்கள். உலோகங்களைத் தூளாக்கி, எஃகுக் குண்டுகளோடு ஓர் உருளையில் அடைத்து, மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள். குண்டும் குண்டும் மோதும்போது நடுவில் அகப்பட்ட தூள் தட்டையாகிறது. புதிதாய் வெளிப்பட்ட பரப்புகள் நெருப்பில்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுகின்றன. ஒட்டியது இறுகி உடைகிறது. உடைந்தது மறுபடியும் ஒட்டுகிறது. இப்படியே ஒட்டி உடைந்து, கடைசியில் ஒவ்வொரு துகளுக்குள்ளும் எல்லா உலோகமும் கலந்துவிடுகிறது. காற்றுப் பட்டால் நுண்ணிய தூள் கெட்டுப்போகும், தீப்பிடிக்கவும் செய்யும் என்பதால், உருளைக்குள் பெரும்பாலும் ஆர்கான் வாயுவை நிரப்புகிறார்கள். பிறகு அந்தத் தூளைச் சூட்டோடு அழுத்திக் கட்டியாக்குகிறார்கள்.

1966-ஆம் வருஷத்தையொட்டி அமெரிக்காவில் பெஞ்சமின் என்பவர் இந்த முறையைக் கண்டார். ஆகாய விமான இஞ்சினுக்கு, கடுஞ்சூட்டிலும் தளராத நிக்கல் கலவை வேண்டியிருந்தது. அதற்கு ஆக்சைடுத் தூளைச் சேர்க்க வேண்டும். உருக்கிய உலோகத்தில் போட்டால், பால்மேல் ஆடை மாதிரி அது மேலே மிதந்துவிடும். அரைத்துப் பார்த்தார், பரவலாய்க் கலந்தது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தாரும் அணு உலைக் குழாய்களுக்கென்று, யிட்ரியம் ஆக்சைடு கலந்த எஃகை இதே முறையில் செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2008-இல் சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த வரலட்சுமி, காமராஜ், மூர்த்தி ஆகிய மூவர் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகிய ஆறையும் அரைத்தே ஒன்றாக்கி எழுதி வெளியிட்டார்கள். நெருப்பில் சேராத துத்தநாகமும் குரோமியமும் அதில் சேர்ந்திருக்கின்றன!

இதைக் கேட்டதும் ஒரு கூட்டத்தார், “இதெல்லாம் நம் சித்தர்கள் கல்வத்தில் அரைத்ததுதானே!” என்பார்கள். தோழர்களே! அரைத்ததெல்லாம் கலவையாகிவிடுமா? கேழ்வரகோடு மணலையும் போட்டு அரைத்தால் மாவு தனி, மணல் தனிதான். சேர்ந்ததா என்று சோதித்துக் காட்டவேண்டாமா?

பெருமைப்படத்தக்கது நம்மிடமும் இருந்தது. 1965 வரை நம் தர்மபுரி அடங்கியிருந்த பழைய சேலம் ஜில்லாவின் இரும்பு பேர்போனது. தென்னாட்டுக் கொல்லர்கள் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மண்மூசையில் வைத்து மூடிக் காய்ச்சி எஃகு செய்தார்கள். மந்திரமல்ல, குச்சியிலும் இலையிலுமிருந்த கரி இரும்பில் ஏறியது. அந்தத் தொழில் என்னவாயிற்று? சீமை எஃகு மலிவாய் வந்து அதைத் தள்ளியது உண்மைதான். ஆனால் வித்தையும் கூடவே மறைந்ததற்குக் காரணம், தகப்பன் மகனுக்கு மாத்திரம் சொல்லி, ஜாதிக்குள்ளேயே பூட்டிவைத்ததுதான். செய்தவனை எழுதப் படிக்கவும் விடவில்லை. ஹீத் போன்ற வெள்ளைக்காரர்கள் பார்த்து எழுதியதைக்கொண்டு நாம் இன்று தெரிந்துகொள்ளவேண்டியிருக்கிறது!

இந்த அரைப்பு முறையிலும் குறையுண்டு. குண்டு தேய்ந்து அதன் இரும்பும் தூளில் கலந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறையையும் மறைக்காமல் எழுதுகிறார்கள்; அதனால் அடுத்தவன் திருத்துகிறான். குலவித்தைக்கும் விஞ்ஞானத்துக்கும் வித்தியாசம் இதுதான்.

ஆகவே, கொல்லன் பிள்ளையானாலும் கூலிக்காரன் பிள்ளையானாலும், ஆணானாலும் பெண்ணானாலும் படிக்கவையுங்கள். வருகிற ஆயுதபூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைப்பதை விட்டுவிட்டு, பிள்ளையைக் கூட்டிப்போய் அது எப்படி ஓடுகிறதென்று காட்டுங்கள்!