நெல்லுக் கணக்கிலிருந்து தொடங்கும் வரலாறு



பொல் பொட் ஆட்சியைப் பாடசாலையில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? 1975 முதல் 1979 வரை கம்போடியாவில் ஏறக்குறைய 17 இலட்சம் பேர் மாண்டார்கள் என்று ஒரு வரியோடு விட்டால், பரீட்சை முடிய மறந்துபோகும். "கம்யூனிசம் கெட்டது" என்று பாடமாக்க வைத்தாலும் அதே கதைதான்.

நான் கணக்கு வேலை செய்பவன். எனக்கென்றால் நெல்லுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். காசையும் சந்தையையும் ஒழித்த கெமர் ரூஜ், 1976இல் ஹெக்டேருக்கு 3 தொன் நெல் என்று திட்டம் போட்டது. போருக்கு முன் விளைந்ததோ சுமார் 1 தொன். முடியாது என்றவன் துரோகி. பொறுப்பாளர்கள் பயத்தில் பொய்க்கணக்குக் காட்டினார்கள். 'மிச்சம்' என்று நெல் வெளியே போனது. விதைத்த சனத்துக்குக் கஞ்சித் தண்ணி. கொள்கை எப்படிப் பட்டினியானது என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளை இதிலேயே பிடித்துக்கொள்ளும்.

கம்போடியாவிலேயே இது இலகுவாக நடக்கவில்லை. கம்போடிய ஆவண மையம் இதற்கென ஒரு பாடநூலை வெளியிட்டது 2007இல். பாடசாலைகளுக்குப் போனது 2009இலிருந்து. முப்பது வருடம்! இதற்கிடையில், தாய் தகப்பன் சொன்ன பசிக்கதையை நம்பாமல் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரும்படி ஆசிரியர் சொல்லலாம். ஆனால் வகுப்பில் அகதிக் குடும்பத்துப் பிள்ளை இருந்தால், விரும்பினால் மட்டும். சில வீடுகளில் ஏன் பேச்சு எழுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியாததா?