இயந்திரம் இறங்கும் வயலில் உளுந்தைக் காப்போம்

(குத்தாலத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புதிய தொழில்நுட்பம் உழவரின் வாழ்க்கையை எவ்வாறு மாற்றுகிறது என்பது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். இதைப் பற்றிப் பேசக் காவிரிக் கரையை விடப் பொருத்தமான இடம் இல்லை. அறுபது ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் புதுமைகள் வந்து இறங்கிய மண் இது. அவற்றிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. புதிய முறை ஒரு நெருக்கடியைத் தீர்க்கும். கூடவே வேறோர் இடத்தில் புதிய நெருக்கடியைக் கொண்டுவந்து வைக்கும். அது எங்கே வரும் என்று முன்கூட்டிப் பார்ப்பவர் பயனடைவார், பாராதவர் நட்டப்படுவார்.

விதை தந்த பாடம்

குத்தாலம் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1960-61-ல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த 7 மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. அடுத்து வந்தது விதை. 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறது. அங்கிருந்து 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 வெளிவந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 1966-ல் ஐ.ஆர்.8 வந்தது. ஆடுதுறை 27 ஏறத்தாழ 105 நாளில் விளைந்ததால், குறுவையை அறுத்துவிட்டுத் தாளடி நடக் காலம் கிடைத்தது. ஒருபோக நிலங்கள் பல இருபோகம் ஆயின.

விதைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு வேலிக்காரருக்கும் மூன்று மா வைத்திருப்பவருக்கும் அதே விதைதான். ஆனால் அந்த விதை உரம் கேட்டது. உரம் ரொக்கம் கேட்டது. கையில் பணம் இருந்தவர் வேண்டிய அளவு இட்டார். குத்தகைக்காரர் கடன் வாங்கி இட்டார், அல்லது குறைத்து இட்டார். விளைச்சல் கூடியபோது, கூடியதில் உழைத்தவருக்கு என்ன பங்கு என்ற கேள்வியும் எழுந்தது. கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டதை இந்த வட்டாரம் மறக்காது. மகசூல் உயர்ந்தால் மட்டும் எல்லார் வாழ்வும் தானாக உயர்ந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இயந்திரம் வந்தபின்

விதையைப் போல இயந்திரத்தைப் பிரித்துக் கொடுக்க முடியாது. ஆகவே சிறு விவசாயி வாடகைக்குத்தான் அமர்த்துகிறார். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் கதிர் முற்றி, ஆள் கிடைக்காமல், மழையும் பயமுறுத்தும் நேரத்தில் அறுவடை இயந்திரம் பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. பல நாள் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் அறுப்பு, கட்டுத் தூக்கல், அடிப்பு ஆகியவற்றில் கிடைத்த கூலி நிலமற்ற குடும்பங்களுக்கு இல்லாமற் போகிறது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பெண்கள் சிறு கைக்கத்தியால் ஒவ்வொரு கதிராக அறுத்து வந்தார்கள். 1970-களில் புதிய இரகங்களோடு அரிவாள் பரவியதும் அறுவடைக்குத் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். அங்கே அரிவாள் செய்ததை இங்கே இயந்திரம் செய்கிறது.

பலரும் கணக்கில் சேர்க்காத இன்னோர் இழப்பும் உண்டு. அது உளுந்து.

உளுந்து எப்படிக் கெடுகிறது?

சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளிப்பது நம் முன்னோர் வகுத்த முறை. உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் ஏறத்தாழ 70 நாளில் விளைகிறது. வேறு வரும்படி இல்லாத பங்குனி, சித்திரையில் கையில் காசு சேர்கிறது. செடி பிடுங்கும் வேலை பெண்களுக்குக் கிடைக்கிறது. வேர் முடிச்சுகளால் நிலத்துக்குத் தழைச்சத்தும் சேர்கிறது.

ஆள் அறுத்த காலத்தில் முளைத்த செடிகளுக்கு அதிகச் சேதம் இல்லை. இயந்திரம் இறங்கும்போது சக்கரத் தடத்தில் முளை நசுங்குகிறது. ஈர நிலத்தில் தடம் பள்ளமாகி மண் இறுகுகிறது. இயந்திரம் வரிசையாகக் கொட்டும் வைக்கோலின் அடியில் செடிகள் வெளுத்து மடிகின்றன. எனவே அறுவடைச் செலவில் மிச்சமான தொகையை ஒரு பக்கம் எழுதுங்கள். போன உளுந்தையும் வீணான வைக்கோலையும் மறுபக்கம் எழுதுங்கள். கூட்டிப் பார்த்தால்தான் இயந்திரம் தந்த உண்மையான ஆதாயம் தெரியும்.

செய்ய வேண்டியவை

இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதையும் வைத்துக்கொண்டு உளுந்தையும் காக்க வழி உண்டு.

1. ஒரே வாய்க்காலில் பாயும் அடுத்தடுத்த வயல்காரர்கள் ஒன்றுகூடி, ஒத்த வயதுள்ள நெல் இரகத்தைப் பயிரிடுங்கள். இயந்திரத்தை ஒரே நாளில் சேர்ந்து அமர்த்தினால், வண்டி வரப்புக்கு வரப்பு ஏறி இறங்குவதும் திரும்புவதும் குறையும். தனியே மூன்று மாவுக்கு வர மறுக்கும் வண்டி, முப்பது மாவுக்கு வரும்.

2. அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பு நீரை வடித்துவிடுங்கள். ஈரம் மிகுந்த வயலுக்கு டயர் வண்டியைத் தவிர்த்து பெல்ட் வண்டியையே அமர்த்துங்கள். அதன் பாரம் பரவலாக விழுவதால் தடம் ஆழமாகப் பதியாது.

3. வண்டி வரும் நாள் உறுதியான பிறகே உளுந்தைத் தெளியுங்கள். அறுவடைக்குச் சற்று முன் தெளித்தால், முளைவிடாத விதை முளைத்த செடியைப் போல நசுங்காது. தை மாதத்துக்குள் விதைப்பு முடிவது நல்லது.

4. ஆடுதுறை 3 போல நெல் தரிசுக்கு ஏற்ற இரகத்தைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாக ஏக்கருக்கு 10 கிலோ விதை போதும். இயந்திரம் இறங்கும் வயலுக்குச் சிறிது கூட்டித் தெளியுங்கள். ரைசோபியம் நுண்ணுயிர் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள்.

5. வைக்கோலை உடனே திரட்டி அப்புறப்படுத்துங்கள். அல்லது உதறிப் பரப்பிவிடுங்கள்.

6. பூக்கும் தருணத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்து, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும்.

நெல்லைப் பற்றியும் ஒரு சொல். இயந்திரம் ஊர் நெல்லை ஒரே நாளில் ஈரத்தோடு கொட்டிவிடுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சத ஈரப்பதம்தான் பொது வரம்பு. காயவைக்கக் களமும் தார்ப்பாயும் இல்லாதவர் சாலையோரம் காத்துக் கிடக்கிறார். எனவே வாய்க்கால் வாரியாக நாள் பிரித்து அறுப்பது இதற்கும் கைகொடுக்கும்.

உழவர் பெருமக்களே! காப்பாற்றப்படும் ஒவ்வொரு உளுந்து வயலும், இயந்திரம் எடுத்துக்கொண்ட கூலியில் ஒரு பகுதியையாவது நம் ஊர்ப் பெண்களுக்குத் திருப்பித் தரும். சிறு நிலத்துக்காரருக்கும் வரும்படி நிலைக்கும். அடுத்த தை பிறப்பதற்குள் உங்கள் வாய்க்காலில் பாயும் பத்துப் பேர் ஒருமுறை கூடிப் பேசுங்கள். எந்த இரகம், எந்த நாள், எந்த வண்டி என்ற மூன்றையும் முடிவு செய்யுங்கள். புதுமை நம்மை இழுத்துச் செல்லாமல், நாம் அதை ஓட்டிச் செல்ல இதுவே வழி.