பிள்ளைக்காகப் பேசும் உரிமை
(விவேக் நகர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விவேக் நகரிலும் ஈஜிபுராவிலும் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நாம். தெருவில் தனியாக நிற்கும் நம் பிள்ளையை அதிகாரிகள் அழைத்துப் போய்விட்டால் என்ன செய்கிறோம்? அலைகிறோம், அழுகிறோம், நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குடும்ப நிலையை விசாரிக்கும் அறிக்கையை 15 நாளில் முடிக்க வேண்டும். பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும். விடுதியில் வைப்பது கடைசி வழியே. பிள்ளையை ஒப்படைப்பதாகப் பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும், மறுபடி யோசிக்க 2 மாத அவகாசம் உண்டு.

அந்த அறிக்கையில் நம் சொல் ஏற வேண்டாமா? ஊரில் பாட்டி இருக்கிறாள், அடுத்த தெருவில் சித்தி இருக்கிறாள் என்பதை நாம் சொல்லாமல் யார் சொல்வது?

நியூசிலாந்தில் மாவோரி மக்கள் குரல் எழுப்பினார்கள். 1989-இல் சட்டம் மாறியது. சுற்றத்தார் கூடிப் பேசித் திட்டம் வகுக்கும் குடும்பக் கூட்டம் அங்கே சட்டமானது.

அடிபடும் பிள்ளையை அடிப்பவனிடமே திருப்பிக் கொடு என்று நாம் கேட்கவில்லை. நம்மையும் உட்காரவைத்துப் பேசு என்கிறோம்.

ஆகவே, குழுவின் முன் தனியாகப் போகாதீர்கள்; சங்கத்துக்குச் சொல்லுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியும்வரை கையெழுத்து வேண்டாம். பிள்ளைக்கு ஆபத்தென்றால் உடனே 1098-ஐ அழையுங்கள்.