குழாய் மூட்டும் குன்றின்மேல் நகரமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ அமைந்தது கண்டி மாநகரம். அங்கே ஒருவர் வீட்டு முற்றம் மற்றொருவர் கூரைக்கு மேலே இருப்பதுண்டு. ஆதலால் மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் கசியுமாயின், அது மேல்வீட்டாரின் கவலையோடு நின்றுவிடாது. கீழ்வீட்டின் மதிலை நனைக்கும்; அத்திவாரத்து மண்ணைக் கரைக்கும்; கிணற்றையும் கெடுக்கும். நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் இவ்வழியே வரக்கூடிய நோய்கள்.

பழைய கட்டடங்களிற் காணப்படும் வார்ப்பிரும்புக் குழாய்கள் எளிதில் அழிவன அல்ல. பிரான்சு நாட்டின் வெர்சேய் அரண்மனை நீரூற்றுகளுக்காக 1664 ஆம் ஆண்டில் இடப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. குழாய் நிலைக்கும், தளர்வது மூட்டே. ஒரு குழாயின் அகன்ற வாயினுள் மற்றதன் முனையைச் செருகி, இடைவெளியில் தார் பூசிய சணலைத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை வார்ப்பது பழைய முறை. ஈயம் ஆறும்போது சுருங்கும். ஆகவே மழுங்கிய உளியால் அதனை அடித்து இறுக்குவர். நிலம் அமிழ்ந்தாலோ, குழாயைத் தாங்கும் பட்டிகள் துருப்பிடித்து விழுந்தாலோ அந்த இறுக்கம் குலைந்துவிடும்.

முதலிற் செய்யவேண்டியது கசியும் இடத்தைக் கண்டறிதல். ஈரம் தோன்றும் இடமே கசியும் இடமென்று கொள்ளலாகாது. நீர் குழாயின் புறத்தே வழிந்து கீழே சொட்டும். குழாயை நன்கு துடைத்து உலர்த்தி, மேலே நிறமூட்டிய நீரை ஊற்றிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

மூட்டுத்தான் குறையுடையதெனின், குழாயின் பாவனையை நிறுத்தி, துருவைச் சுரண்டி, பிதுங்கிய ஈயத்தைச் சுற்றிவர மெல்ல அடித்து உட்செலுத்தலாம். பல வேளைகளில் இதுவே போதும். வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது. பலமாக அடித்தால் வாய்ப்பகுதி பிளந்துவிடும். ஈயம் முற்றாகப் போயிருந்தால் சணலையும் ஈயத்தையும் புதிதாக இடவேண்டும். ஈயம் 327 பாகை செல்சியசில் உருகுவது. மூட்டில் ஒரு துளி நீர் இருந்தாலும் அது கணத்தில் ஆவியாகி, ஈயத்தைச் சிதறடித்து முகத்தைச் சுடும். ஈயப் புகையும் நஞ்சு. எனவே பழகிய வேலையாளே இதனைச் செய்யவேண்டும். சிறுவர்கள் அருகே நிற்றலாகாது.

வாய்ப்பகுதி பிளந்திருந்தால், அத்துண்டை அறுத்தெடுத்துப் புதுத்துண்டு வைத்து, துருவேறா உருக்குப் பட்டியுடன் கூடிய இறப்பர் உறையால் இணைப்பது இக்கால முறை. அறுக்குமுன் மேற்குழாய்க்குத் தாங்கு கொடுத்தல் இன்றியமையாதது. அதன் பாரம் பெரிது. சீமெந்தைப் பூசி மூடுவது சில நாட்களுக்கே உதவும். குழாய் சிறிது அசைந்தாலும் சீமெந்து வெடிக்கும். எம்முறையாயினும், சுவரை மூடுமுன் நீரை ஊற்றிச் சோதித்தல் வேண்டும்.

இச்சிறு வேலையின் பயன் வீட்டு எல்லையைக் கடந்தது. கண்டி வாவியின் மிகைநீரைக் கொண்டு நகரினூடே ஓடும் மெத எல, மகாவலி கங்கையிற் சேர்கிறது. நகர மக்கள் அருந்தும் நீரிற் பெரும்பகுதியும் மகாவலியிலிருந்தே எடுக்கப்படுகிறது. நகரின் கழிவுநீரைத் தூய்மையாக்க ஜப்பானியக் கடனுதவியுடன் கன்னொறுவையிற் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது. ஆனால் எந்த நிலையமும் தன்னிடம் வந்துசேரும் நீரையே தூய்மையாக்க முடியும். வழியிற் கசிந்தது மண்ணுக்கும் ஓடைக்குமே போகும். மேலே இருப்பவர் தம் குழாயின் மூட்டைக் காலத்தே இறுக்குவது, கீழே இருப்பவருக்குச் செய்யும் முதற் கடமையாகும்.