கடம் முன்னுக்கு வந்த கதை

ஆய்வாளர்களும் தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் தப்புக் கலைஞர்களும் கூடியிருக்கும் இந்த ஆய்வரங்குக்குக் கலவான நகரில் தலைமை தாங்க அழைத்தபோது பெருமையோடு கொஞ்சம் பயமும் வந்தது. ‘மலையக இசையும் உலக இசையும்’ என்ற பொதுப்பொருளை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அதை அமர்வுகளுக்கு விட்டுவிட்டு, ஓர் இசைத்தட்டைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன்.

சக்தி இசைக்குழுவின் கதை உங்களுக்குத் தெரியும். கிட்டாருக்கு ஜோன் மெக்லாஃப்ளின், வயலினுக்கு எல். சங்கர், தபேலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம், மிருதங்கத்துக்கு ராம்நாட் ராகவன் என ஐவர் சேர்ந்த முதல் தட்டு, 1975 ஜூலையில் நியூயோர்க் மாநிலத்தில் மேடையிலேயே பதிவானது. பிறகு ராகவன் விலகினார். 1976இல் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ பதிவானபோது குழுவில் நால்வரே.

மிருதங்க வித்துவான் போனதும் குழு இளைத்துவிட்டது என்பது, இந்த அவையிலேயே இருக்கும் என் மதிப்புக்குரிய நண்பரின் நெடுநாள் கட்சி. அவருடைய நட்பு குறையாது என்ற நம்பிக்கையில் மறுக்கிறேன். கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் வாசித்துவிட்ட இடத்தில் அது தொடங்க வேண்டும். போக்கை வகுப்பது மிருதங்கம். ராகவன் விலகியதும் அந்த வரிசை கலைந்தது. கடத்துக்கு எதிரே இருந்தது தபேலா. அதற்கு இந்த மேல் கீழ் வழக்கம் கிடையாது. அந்த இரண்டாம் தட்டின் முதல் உருப்படியைக் கேளுங்கள்: கொன்னக்கோலில், வெறும் வாய்ச் சொற்கட்டில் தொடங்குகிறது, கிட்டாரும் வயலினும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இதைக் கிழக்கும் மேற்கும் கைகுலுக்கிய இசை என்று எழுதிவிட்டுப் போகிறோம். அதைவிட அரிய சந்திப்பு கடத்துக்கும் தபேலாவுக்கும் நடந்தது.

சங்கரை நம்மவர் என்று கொண்டாடும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அவருடைய தந்தை லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்ததும், 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் இந்தியா திரும்பியதும் உண்மைதான். ஆனால் வயலினுக்கு எந்த மேடையிலும் இடம் உண்டு. இடம் பிடிக்க வேண்டியிருந்தது கடம்.

பிடித்த இடம் நிலைத்தது. கலைந்த குழு மீண்டும் கூடியபோது மண்டலின் ஸ்ரீநிவாஸ் வந்தார், பாட ஷங்கர் மகாதேவன் வந்தார்; 2014இல் ஸ்ரீநிவாஸ் மறைந்தபின் கணேஷ் ராஜகோபாலனின் வயலின் சேர்ந்தது. விநாயக்ராமின் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அமர்ந்தார். கஞ்சிராவும் உபபக்கவாத்தியமே. 2023இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ தட்டுக்கு மறு ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

இதைக் கலவானவில் சொல்லக் காரணம் உண்டு: கடத்தைப் போலவே ஓரத்தில் வைக்கப்பட்ட வாத்தியம் ஒன்று நம்மிடமும் இருக்கிறது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு வேலையாட்களைக் கூப்பிட்டது தப்பு என்ற பறை. சாவு வீட்டிலும் காமன் கூத்திலும் முழங்குவது தப்பு. நம் ஆய்வுகளோ அதைச் சடங்கு அத்தியாயத்தில் போட்டுவிட்டு, இசை அத்தியாயத்தை வேறு வாத்தியங்களோடு தொடங்குகின்றன. கிட்டாருக்குப் பக்கத்தில் தப்பை நிறுத்திவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்ற வாதமும் எனக்கு உடன்பாடில்லை. தொடங்கும் எடுப்பு யாருடையது, முடிக்கும் தீர்மானம் வைப்பது யார் என்பது மாறாதவரை அது படம் பிடிக்க மட்டுமே உதவும்.

நிகழ்ச்சி நிரலில் தப்புக் கலைஞர்கள் மாலை கலை நிகழ்ச்சியில் இருக்கிறார்கள். அவர்களை முதல் ஆய்வமர்வுக்கு அழைத்து, அடிகளை அவர்களே விளக்கும்படி கேட்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். மறுப்பவர்கள் அந்த அமர்விலேயே எழுந்து பேசலாம்.